ஒற்றைப் போட்டோவிலிருந்து முப்பரிமாணக் காட்சி: மலைப்படங்களில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வரிசையும்

குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் பழைய போட்டோ ஒன்றைக் கொண்டுவந்து, "இந்த வீட்டைச் சுற்றிப் பார்க்கிற மாதிரி செய்து தர முடியுமா?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். இடித்துவிட்ட எஸ்டேட் லைன் வீடு (தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டியது), 2009 நவம்பர் மழையில் மண்சரிந்த இடத்தில் இருந்த ஓட்டு வீடு, இப்போது காட்டேஜாக மாறிவிட்ட தாத்தாவின் தோட்டம் என்று எதுவாகவும் இருக்கும். பெரும்பாலும் ஒரே படம்தான் மிஞ்சியிருக்கும், வேறு கோணம் கிடைக்காது. பல படங்களை வைத்துச் செய்யும் போட்டோகிராமெட்ரிக்கு அங்கே வழியில்லை. ஒற்றைப் படத்திலிருந்து ஆழத்தை ஊகிக்கும் மைடாஸ், டெப்த் எனிதிங், மாரிகோல்டு, டெப்த் புரோ, மோஜி போன்ற மாடல்களைத்தான் நம்ப வேண்டும்.

மலைப்படங்களில் இவை தவறும் இடங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. ஆகவே அறிகுறியைக் கொண்டு தேடும்படி எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், காசும் நேரமும் கேட்பது கடைசியில் வரும். மாடலை மாற்றுவது எப்போதும் கடைசிப் பக்கத்து வேலை. என்னிடம் வந்த கோளாறுகளில் பெரும்பாலானவை படத்திலோ எண்களிலோ இருந்தவைதான்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

மூலக் கோப்பு இருக்கிறதா? வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய போட்டோ சுருங்கித்தான் வரும். லென்ஸ், தேதி முதலிய விவரங்களைக் கேமரா எழுதிவைத்த எக்ஸிஃப் தகவலும் அதில் போய்விடும். அனுப்புபவரிடம் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா? கணக்கு முழுவதும் படத்தின் நடுப்புள்ளிதான் லென்ஸின் மையம் என்று எண்ணிக்கொண்டு நடக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வெட்டிய படத்தில் அந்த எண்ணம் பொய்த்துவிடும். ஆல்பத்தில் ஒட்டுவதற்காகக் கத்தரித்த பிரிண்டுகளில் இது அடிக்கடி நடக்கும்.

இடம் வலம் மாறியிருக்கிறதா? நெகட்டிவைப் புரட்டிப் போட்டு ஸ்கேன் செய்தால் வாசல் எதிர்ப்பக்கம் போய்விடும். கடைப்பலகை எழுத்தைப் பாருங்கள். எழுத்து இல்லையென்றால் சேலை முந்தானை எந்தத் தோளில் விழுகிறது, சட்டைப்பை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

## அறிகுறி: பக்கத்தில் உள்ளது தூரத்திலும், தூரத்தில் உள்ளது பக்கத்திலும் தெரிகிறது

மைடாஸும் டெப்த் எனிதிங்கின் முதல் இரண்டு பதிப்புகளின் சாதாரண மாடல்களும் தருவது தூரத்தின் தலைகீழ் மதிப்பு, அதாவது 1-ஐத் தூரத்தால் வகுத்தது போன்ற எண். அதில் எண் பெரிதென்றால் பொருள் பக்கத்தில் இருக்கிறது. மீட்டரில் தரும் டெப்த் புரோவில் எண் பெரிதென்றால் பொருள் தூரத்தில் இருக்கிறது. ஒன்றுக்கு எழுதிய ஸ்கிரிப்டில் (சிறு நிரலில்) மற்றொன்றின் வெளியீட்டைக் கொடுத்தால் காட்சி புரண்டுவிடும்.

சோதனை எளிது. மாடல் தரும் ஆழப்படத்தில், அதாவது ஆழ எண்களைக் கறுப்பு வெள்ளையாகக் காட்டும் படத்தில், கால்மாட்டுத் தரையும் தூரத்து மலைமுகடும் எந்த நிறத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். தரை வெளுப்பாகவும் முகடு கறுப்பாகவும் இருந்தால் அது தலைகீழ் மதிப்பு.

ஆனால் போட்டோ எடிட்டரில் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். மிகப் பெரிய மதிப்பான 255-லிருந்து கழிப்பது வேறு, 1-ஐ மாடல் தந்த எண்ணால் வகுப்பது வேறு. கழித்தால் முன்புறம் பின்புறம் சரியாகிவிட்டது போலத் தெரியும். ஆனால் வாசல் திண்ணை நீண்டுபோய், பின்னால் இருக்கும் தோட்டமும் மலையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வகுத்துத்தான் ஆக வேண்டும்.

## அறிகுறி: பின்னால் உள்ள மலையெல்லாம் ஒரே தட்டியாக நிற்கிறது

மலைப்படங்களில் அதிகம் வரும் புகார் இதுதான், காரணங்களும் பல.

மேலே சொன்ன கழித்தல் தவறா? அதை முதலில் ஒதுக்கிவிடுங்கள்.

ஆழப்படம் 8 பிட்டில் சேமிக்கப்பட்டதா? 8 பிட்டில் மொத்தம் 256 படிகள்தான் உண்டு. தலைகீழ் மதிப்பில் அவற்றில் பெரும்பங்கை முன்புறமே எடுத்துக்கொள்ளும். மிகப் பக்கத்துப் பொருள் 2 மீட்டரில், மதிப்பு 255 என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பு 1 என்றால் 510 மீட்டர், 2 என்றால் 255 மீட்டர், 3 என்றால் 170 மீட்டர். 100 மீட்டருக்கு அப்பால் உள்ள பள்ளத்தாக்கு, எதிர்மலை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைப்பது 5 படிகள்! ஜேபெக்காகச் சேமித்திருந்தால் அந்த ஐந்தும் கலங்கிவிடும். 16 பிட் பிஎன்ஜி கோப்பாகவோ, மாடல் தரும் தசம எண்களை அப்படியே நம்பை (.npy) கோப்பாகவோ சேமியுங்கள். மாடலை மறுபடி ஒருமுறை ஓட்டினால் போதும், செலவு எதுவும் இல்லை.

மீட்டர் கணக்கில் தரும் மாடலின் உச்சவரம்பில் முட்டுகிறதா? டெப்த் எனிதிங் இரண்டாம் பதிப்பில் மீட்டரில் தரும் வெளிப்புற மாடல், விர்ச்சுவல் கிட்டி 2 என்ற கணினி உருவாக்கிய சாலைக்காட்சிகளில் பயின்றது. அதன் உச்சவரம்பு 80 மீட்டர். உட்புற மாடலுக்கு 20 மீட்டர். இந்தக் காட்சிகளுக்கு அடிப்படையான கிட்டி தரவு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரத்தில் கார் மேல் கேமரா பொருத்தி எடுத்தது. அந்தச் சாலையில் 80 மீட்டர் தாராளம். கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் நின்று எடுத்த படத்தில் கம்பி வேலியைத் தாண்டினால் 80 மீட்டருக்குள் பெரும்பாலும் எதுவுமே இருக்காது.

சோதனை: வெளியீட்டு எண்களை வரைபடமாகப் போடுங்கள். 80-ஐ ஒட்டி ஒரு பெரிய குவியல் தெரிந்தால் காரணம் இதுதான். அப்போது மீட்டர் மாடலை முன்புறத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மலைக்கு மீட்டர் அளவு தராத சாதாரண மாடலுக்குப் போங்கள்.

இடம் எது என்று தெரியுமா? தெரிந்தால் தூரத்து மலையை ஊகிக்கவே தேவையில்லை. 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத்தரவு ஏறக்குறைய 30 மீட்டர் இடைவெளியில் இலவசமாகக் கிடைக்கிறது. இஸ்ரோவின் புவன் தளத்தில் கார்ட்டோசாட் உயரத்தரவும் உண்டு. வீட்டைப் போட்டோவிலிருந்தும் மலையை இந்தத் தரவிலிருந்தும் எடுத்துப் பொருத்துங்கள். முகட்டுக்கோடு போட்டோவில் உள்ளதோடு பொருந்தினால் கேமரா நின்ற இடமும் சேர்ந்தே உறுதியாகிவிடும். ஒரு நாள் வேலை பிடிக்கும். ஆனால் இந்தத் துறையில் எனக்கு இதைவிட நிறைவு தந்த வேலை வேறு இல்லை.

அதற்கு முன் ஒரு கேள்வி: அந்த மலைக்கு ஆழம் தேவைதானா? பார்ப்பவர் காட்சிக்குள் பக்கவாட்டில் 1 மீட்டர் நகர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோக்கல் லென்த் (லென்ஸ் எவ்வளவு அகலமாகப் பார்க்கிறது என்பதைக் குறிக்கும் எண்) 3000 பிக்சல் உள்ள படத்தில் 3 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள முகடு நகர்வது 1 பிக்சல்தான். அப்படிப்பட்ட காட்சியில் மலை தட்டியாக இருப்பது சரியே, விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: சரிவில் படி படியாக வரி விழுகிறது

8 பிட் கோளாறின் இன்னொரு முகம் இது. ஆனால் மலையில் ஒரு சிக்கல் உண்டு. பூம்பாறை போன்ற ஊர்களில் பூண்டும் உருளையும் விளையும் படிக்கட்டு வயல்கள் உண்மையிலேயே இருக்கின்றன. மென்மையாக்கும் ஃபில்டரைப் போட்டால் அந்த வயல்களும் சேர்ந்து அழிந்துவிடும்.

பிரித்தறிய வழி இருக்கிறது. மெய்யான வயல் வரப்பு ஒரே உயரத்தில் சரிவைச் சுற்றிக்கொண்டு போகும். கேமராவிலிருந்து அதன் தூரம் வளைவுக்கு வளைவு மாறும். பொய்யான படி கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் ஓடும், உயரத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. காட்சியைத் தலைக்கு மேலிருந்து பாருங்கள். கோடுகள் எல்லாம் போட்டோ எடுத்த திசைக்குக் குறுக்காக, ஒன்றுக்கொன்று இணையாக நின்றால் அவை பொய்ப்படிகள். 16 பிட்டில் மறுபடி எடுத்தால் மறைந்துவிடும். எடுத்த பிறகும் மறையாதவற்றைத் தொடாதீர்கள்.

## அறிகுறி: சுவர் சந்திக்கும் மூலை 90 பாகையாக இல்லை

வீட்டின் முன்சுவரும் பக்கச்சுவரும் சேரும் மூலையை மேலிருந்து பார்த்தால் 70 ஆகவோ 120 ஆகவோ விரிந்திருக்கும். முதலில் இரண்டு சுவரும் தனித்தனியாக நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். வழி அங்கேதான் பிரிகிறது.

### சுவர் நேர், மூலை மட்டும் தவறு

ஃபோக்கல் லென்த் எண்ணைச் சரிபாருங்கள். பல ஸ்கிரிப்டுகளில் ஏதோ ஒரு எண் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். உங்கள் படத்துக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது. போன் கேமராவின் எக்ஸிஃபில் '35 மி.மீ. சமமதிப்பு' என்று ஓர் எண் இருக்கும். அதைப் படத்தின் மூலைவிட்டப் பிக்சலால் பெருக்கி 43.27 ஆல் வகுங்கள். 26 மி.மீ., 4000-க்கு 3000 பிக்சல் படம் என்றால் மூலைவிட்டம் 5000, விடை ஏறக்குறைய 3004 பிக்சல். அதே படம் 1600-க்கு 1200 ஆகச் சுருங்கியிருந்தால் விடை 1202. சுருங்கிய படத்துக்குப் பழைய எண்ணைப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

எக்ஸிஃப் இல்லாத பழைய படமா? வீட்டின் இரண்டு பக்கமும் தெரிந்தால் அதிலிருந்தே கணக்கிடலாம். முன்சுவரின் கிடைக்கோடுகளை, அதாவது கூரை விளிம்பையும் ஜன்னல் சட்டத்தையும் நீட்டினால் ஒரு மறைபுள்ளியில் சேரும். பக்கச்சுவரின் கோடுகள் இன்னொன்றில் சேரும். கேமராவைச் சாய்க்காமல் எடுத்த படமென்றால், நடுப்புள்ளியிலிருந்து இடப்பக்கப் புள்ளிக்கு உள்ள தூரத்தையும் வலப்பக்கப் புள்ளிக்கு உள்ள தூரத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஃபோக்கல் லென்த் வரும். 2000 பிக்சல், 1800 பிக்சல் என்றால் 1897. எஃப்ஸ்பை என்ற இலவச மென்பொருள் கோடு போட்டாலே கணக்கிட்டு பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளுக்கு அனுப்பிவிடும். ஃபோக்கல் லென்த்தைத் தானே ஊகிக்கும் டெப்த் புரோ, மோஜி ஆகியவற்றில் ஒன்றையும் ஓட்டி இரண்டு விடையையும் ஒப்பிடுங்கள். கிட்டத்தட்ட ஒத்துப்போனால் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஃபோக்கல் லென்த் சரி, மூலை இன்னும் தவறா? மைடாஸ் வகை மாடல்களின் தலைகீழ் மதிப்பில் தெரியாத ஒரு கூட்டல் எண் ஒளிந்திருக்கும். அது சுவரை வளைக்காது, கோணத்தைக் கெடுக்கும். அந்த எண்ணைச் சிறிது சிறிதாகக் கூட்டியும் குறைத்தும் மூலை 90-க்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். மலைமுகடு தெரியும் படமென்றால் இன்னும் எளிது. முகட்டின் மதிப்பு சுழிக்கு மிக அருகில் வரும்படி கழித்தாலே பெரும்பாலும் மூலை சரியாகிவிடும்.

### சுவரே வளைந்திருக்கிறது

மாரிகோல்டு போல நேரடி ஆழத்தை அளவில்லாமல் தரும் மாடல்களில் அந்தக் கூட்டல் எண் ஆழத்திலேயே உட்கார்ந்திருக்கும். அங்கே தவறினால் நேர்ச்சுவர் வில்லாக வளையும். நீளமான ஒரு சுவரைத் தேர்ந்தெடுத்து, அது நேராகும்வரை எண்ணை மாற்றுங்கள். லைன் வீடுகளின் நீண்ட முன்சுவர் இதற்கு அருமையான அளவுகோல்.

அப்படியும் வளைந்தால் லென்ஸின் வளைவாக இருக்கலாம். போனின் அகலக்கோண லென்ஸில் ஓரச்சுவர் போட்டோவிலேயே வளைந்திருக்கும். திரையில் ஓர் அட்டையின் விளிம்பை வைத்துப் பாருங்கள். போட்டோவிலேயே வளைவு இருந்தால் முதலில் லென்ஸ் திருத்தம் செய்துவிட்டு மாடலுக்குக் கொடுங்கள்.

### எப்போது கைவிடுவது

துருத்தி வைத்த பழைய கேமராக்கள் சிலவற்றில் லென்ஸை மட்டும் மேலே உயர்த்தி, கோபுரங்களைச் சாயாமல் எடுக்கும் வசதி இருந்தது. தேவாலயம், பங்களா படங்களில் செங்குத்துக் கோடுகள் துல்லியமாக இணையாக இருந்து, தொடுவானம் மட்டும் நடுவிலிருந்து மிகவும் கீழே இருந்தால் அந்த வகைதான். லென்ஸ் மையம் படத்தின் நடுவில் இல்லை என்பதால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் பொருந்தாது. கேமரா அளவீடு தெரிந்த போட்டோகிராமெட்ரி ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: மேட்டு நிலம் சமமாகிவிட்டது, வீடு சாய்ந்து நிற்கிறது

இது மலைக்கே உரிய கோளாறு. காட்சியை நிமிர்த்தும் கருவிகள் பல, "தரை சமம்" என்று எடுத்துக்கொண்டு கீழ்ப்பகுதியில் பெரிதாகத் தெரியும் பரப்பைக் கிடையாக்கிவிடும். தேயிலைத் தோட்டத்தில் அப்படிப் பெரிதாகத் தெரிவது சரிவுதானே! சரிவு கிடையானதும் வீடு மல்லாந்துவிடும்.

தானாகச் சமன்செய்யும் வசதியை அணைத்துவிட்டு, செங்குத்தை வைத்து நிமிர்த்துங்கள். கதவு நிலை, சுவர் மூலை, வீட்டுத்தூண் ஆகியவை நம்பகமானவை. சில்வர் ஓக் மரங்கள் பெரும்பாலும் நேராக வளர்பவை, பலவற்றைச் சேர்த்துப் பார்த்தால் உதவும். கற்பூர மரத்தையும் மின்கம்பத்தையும் நம்ப வேண்டாம், சரிவில் மண் நகர நகர இரண்டும் சாயும். ஏரிக்கரைக் கோடு தெரிந்தால் அதைவிட நல்ல கிடைமட்டம் வேறு கிடையாது.

## அறிகுறி: மரத்துக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவே சவ்வு இழுத்துக்கட்டியது போல இருக்கிறது

முன்னால் நிற்கும் மரமும் பின்னால் உள்ள மலையும் போட்டோவில் ஒட்டியிருக்கும். மெஷ் (முக்கோணங்களாலான வலைப்பரப்பு) போடும்போது அடுத்தடுத்த பிக்சல்களை இணைத்துவிட்டதால் நடுவே நீண்ட முக்கோணங்கள் வந்திருக்கின்றன. இரு முனைகளின் ஆழ விகிதம் ஓர் எல்லையைத் தாண்டினால் அந்த முக்கோணத்தை வெட்டிவிடும்படி சொல்லுங்கள். எல்லையை மீட்டரில் வைக்காமல் விகிதத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் தூரத்து மலைச்சரிவும் துண்டுதுண்டாகிவிடும்.

விளிம்பில் புள்ளிகள் புகையாகப் பறந்தால் ஜேபெக் சுருக்கத்தையும் உள்ளீட்டு அளவையும் பாருங்கள். டெப்த் எனிதிங் வழக்கமாகப் படத்தை 518 பிக்சலுக்குச் சுருக்கித்தான் பார்க்கும். இலையும் கிளையும் அதில் கரைந்துவிடும். 14-இன் மடங்காக 1036 என்று உயர்த்திப் பாருங்கள். நினைவகம் போதவில்லை என்று நின்றுவிட்டால் சிறிய மாடலுக்கு இறங்குங்கள். அதில் சுமார் 2.5 கோடி அளபுருக்கள் (மாடல் கற்றுவைத்திருக்கும் எண்கள்), பெரியதில் 33 கோடிக்கு மேல். சிறியது ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) இல்லாத கம்ப்யூட்டரிலும் ஓடும். மின்கம்பி, முள்வேலி ஆகியவற்றை எந்த மாடலும் ஒழுங்காகத் தராது, அவற்றைப் போட்டோவிலிருந்து அழித்துவிட்டுப் பிறகு கையால் வரைந்து சேர்ப்பதே நல்லது.

### வெட்டிய பிறகு ஓட்டை தெரிகிறதே?

தெரியத்தான் செய்யும். மரத்துக்குப் பின்னால் இருந்ததைக் கேமரா பார்க்கவில்லை. இந்த ஓட்டைகளை அடைக்கும் மென்பொருட்கள் பல இருக்கின்றன, அழகாகவும் அடைக்கின்றன. எனக்கு அச்சமாக இருப்பதும் அந்த அழகுதான். மரம் மறைத்திருந்த இடத்தில் மாடல் ஒரு ஜன்னலை வைக்கும். அந்த வீட்டில் பிறந்து, சிறுவயதில் அதை விட்டுப் போன ஒருவர் அதைப் பார்த்துவிட்டு "ஆமாம், அங்கே ஒரு ஜன்னல் இருந்தது" என்று சொல்வார். அதன்பின் அந்த ஜன்னலை யாராலும் எடுக்க முடியாது. இலங்கையிலிருந்து திரும்பிவந்து எஸ்டேட்டில் குடியேறிய குடும்பங்களில், பழைய வாழ்க்கைக்கு ஒற்றைப் போட்டோதான் சாட்சி என்ற நிலை உண்டு. அங்கே இல்லாத ஒன்றைச் சேர்ப்பது பெரிய அநியாயம்.

அதனால் அடைத்த பகுதிகளைத் தனி அடுக்கில் வைத்து, நிறம் குறைத்துச் சாம்பலாகக் காட்டுங்கள். கேட்டால் மட்டும் நிறம் கொடுங்கள், அப்போதும் எது எடுத்தது, எது இட்டுக்கட்டியது என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். குடும்பத்தில் பெரியவர்கள் இருந்தால் அடைப்பதற்கு முன்னால் அவர்களிடம் கேளுங்கள். "மரத்துக்குப் பின்னால் என்ன இருந்தது, பாட்டி?" என்று வெறும் ஓட்டையைக் காட்டிக் கேட்டால் வரும் பதில், அடைத்ததைக் காட்டிக் கேட்டால் வருவதைவிட நம்பத்தக்கது.

## அறிகுறி: மூடுபனி சுவராகவும், வானம் மலையாகவும் எழும்புகிறது

வானத்தை முதலில் கவனியுங்கள். செக்மென்ட் எனிதிங் போன்ற கருவியால் அதைப் பிரித்தெடுத்து, மெஷ்ஷில் சேர்க்காமல் பின்னணிப் படமாக வைத்துவிடுங்கள். கோளாறுகளில் பாதி அதோடு முடிந்துவிடும்.

மிஸ்ட் வேறு விஷயம். தூரம் கூடக் கூட வெளிறும் மெல்லிய பனிப்படலம் மாடலுக்கு நல்ல தடயம். அதை நீக்காதீர்கள், நீக்கினால் ஆழம் கெடும். பள்ளத்தாக்கிலிருந்து திரளாக ஏறிவரும் மேகமே கோளாறுக்குக் காரணம். அதற்கு ஒரு விளிம்பு இருப்பதால் மாடல் அதைத் திடப்பொருளாக எடுத்துக்கொள்ளும். அதைக் கையால் கோடிட்டுப் பிரித்து, ஆழத்தை நீங்களே கொடுத்து, பாதி ஒளிபுகும் தனித் திரையாக வையுங்கள்.

பனிநீக்கும் ஃபில்டர்கள் பல, 2009-இல் வந்த டார்க் சேனல் முறையையோ அதன் வழித்தோன்றல்களையோ பின்பற்றுபவை. பனியில்லாத இடத்தில் ஏதாவது ஒரு நிறமாவது இருண்டிருக்கும் என்ற அனுமானத்தில் அவை ஓடுகின்றன. சுண்ணாம்பு அடித்த வெள்ளைச்சுவர் அந்த அனுமானத்தை உடைத்துவிடும். சுவரையே பனி என்று எண்ணிச் சுரண்டும். வெள்ளையடித்த வீடு உள்ள படத்தில் சுவரை மறைத்துவிட்டு ஃபில்டர் போடுங்கள்.

## அறிகுறி: ஏரி குழியாகிவிட்டது

தண்ணீரில் தெரியும் மலையின் பிரதிபலிப்பை மாடல் கீழே தொங்கும் இன்னொரு மலையாக எடுத்துக்கொள்கிறது. கொடைக்கானல் ஏரியானாலும் ஊட்டி ஏரியானாலும் காலை நேரத்துப் படங்களில் இது வரும். நீர்ப்பரப்பைக் கோடிட்டு மறையுங்கள், கரையோரப் புள்ளிகளின் உயரத்தைக் கொண்டு ஒரு கிடைத்தளம் போடுங்கள். வேறு எதுவும் தேவையில்லை. ஜன்னல் கண்ணாடிக்கும் இதே வைத்தியம்: சுவரின் தளத்தோடு சேர்த்துவிடுங்கள்.

## அறிகுறி: பழைய பிரிண்டிலிருந்து எடுத்தால் எல்லாமே தட்டையாக, அல்லது மேடு பள்ளமாக வருகிறது

முழுக்கத் தட்டை: மாடல் பார்ப்பது வீட்டை அல்ல, மேசைமேல் கிடக்கும் காகிதத்தை. பிரிண்டின் வெள்ளை ஓரமோ சட்டமோ படத்தில் தெரிகிறது. ஓரத்தை மட்டும் நான்கு பக்கமும் சமமாக நீக்குங்கள். போனில் சாய்வாக எடுத்திருந்தால் ஸ்கேனரில் 600 டிபிஐயில் மறுபடி எடுங்கள்.

புள்ளிப்புள்ளியாக மேடு: பூஞ்சைக்கறை. மலையின் மழைக்கால ஈரத்தில் ஆல்பங்களில் இது வராத வீடு குறைவு. ஸ்கேன் செய்த படத்தில் கறையை நீக்கிவிட்டு மாடலுக்குக் கொடுங்கள். வண்ணத்துக்கு மூலப்படத்தையே வைத்துக்கொள்ளலாம். பிரிண்டைத் துணியால் துடைக்கவே கூடாது.

அகல அலையாக மேடு பள்ளம்: பிரிண்ட் சுருண்டிருக்கிறது. பழைய கெட்டி பிரிண்டை அழுத்தி நிமிர்த்தினால் மேற்பூச்சு வெடித்துவிடும்.

இங்கே வெளியாளை அழைக்க வேண்டிய இடம் தெளிவானது. பிரிண்ட் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிரிக்க முயலாதீர்கள். கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்து வேலையை முடியுங்கள். பிரித்தே ஆக வேண்டுமென்றால் காகிதப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவர்தான் தொட வேண்டும். முப்பரிமாணக் காட்சியை நாளைக்கு மறுபடி செய்யலாம், போட்டோவைச் செய்ய முடியாது.

## அறிகுறி: உருவம் சரி, அளவு தவறு

தேயிலைச் செடி ஆள் உயரம், ஆள் கூரை உயரம். அளவில்லாத மாடலென்றால் இது கோளாறே இல்லை, அளவை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். மீட்டர் மாடலிலேயே இப்படி வந்தால் ஃபோக்கல் லென்த் தவறாக இருக்கும், மேலே போய் அதைப் பாருங்கள்.

அளவு கொடுக்கப் படத்துக்குள் தெரிந்த நீளம் ஒன்று வேண்டும். நீலகிரி மலைரயில் தெரிந்தால் யோகம். அது மீட்டர் கேஜ், தண்டவாளங்களின் உட்பக்க இடைவெளி 1000 மி.மீ. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே, ரயிலின் பற்சக்கரம் பிடித்து ஏறும் பல்சட்டம் தெரிந்தால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட பகுதி என்று இடமும் சுருங்கிவிடும். மேட்டுப்பாளையத்தில் எடுத்த படத்தில் மட்டும் எச்சரிக்கை, அங்கே அகலப்பாதையும் இருக்கிறது, அதன் இடைவெளி 1676 மி.மீ. ரயில் இல்லையென்றால் இன்னும் நிற்கும் ஒரு வாசற்படி, கல்தூண், கதவு நிலை எதையாவது போய் டேப் வைத்து அளந்து வாருங்கள். ஒரே எஸ்டேட்டில் ஒரே காலத்தில் கட்டிய லைன் வீடுகள் பெரும்பாலும் ஒரே அளவில் இருக்கும், இடிந்த வீட்டுக்குப் பக்கத்து வரிசையின் கதவு போதும். தேயிலைச் செடியையும் மனிதர்களையும் அளவுகோலாக வைக்காதீர்கள், இரண்டும் ஆளுக்கு ஆள், தோட்டத்துக்குத் தோட்டம் மாறும்.

அளவுகோலும் அளக்க வேண்டிய பொருளும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். கால்மாட்டுத் தண்டவாளத்தை வைத்து எதிர்ச்சரிவு வீட்டை அளந்தால் நடுவே உள்ள எல்லாப் பிழையும் வீட்டின்மேல் ஏறும். முடிந்தால் இரண்டு அளவுகோல்கள் எடுங்கள். ஒன்றை வைத்து அளவு கொடுத்து, மற்றதை அளந்து பாருங்கள். இரண்டாவதில் வரும் வேறுபாடுதான் உங்கள் காட்சியின் நம்பகம்.

### அளந்து கட்டப் போகிறார்களா?

அப்படியென்றால் இங்கேயே நிறுத்துங்கள். 5 விழுக்காடு பிழை திரையில் யார் கண்ணுக்கும் படாது, 3 மீட்டர் தாங்குசுவரில் அது 15 செ.மீ. தாங்குசுவர், நில எல்லைத் தகராறு, மண்சரிந்த இடத்தில் மறுபடி வீடு என்று பேச்சு வந்தால் உரிமம் பெற்ற சர்வேயரையும் கட்டுமானப் பொறியாளரையும் அழைக்கச் சொல்லுங்கள், சரிவு என்றால் மண் ஆய்வு செய்பவரையும் சேர்த்து. அவர்களிடம் உங்கள் முப்பரிமாணக் காட்சியைக் கொடுக்க வேண்டாம். வெட்டாத ஸ்கேன், அளந்துவந்த நீளங்கள், போட்டோ எடுத்தவர் நின்ற இடம் தெரிந்தால் அங்கிருந்து அதே கோணத்தில் இன்று எடுத்த படம், இவ்வளவும் கொடுங்கள். போட்டோவிலும் இன்றும் மாறாமல் நிற்கும் பாறை, கல்தூண், பாலச்சுவர் எவை என்று இரண்டு படத்திலும் வட்டமிட்டுக் கொடுத்தால் அவர்கள் வேலை அங்கிருந்து தொடங்கும்.